போனைப் பிடுங்கிட்டா பொண்ணு சாப்பிட்ருவாளா?

ஒரு அம்மா கேட்ருந்த கேள்வி சுருக்கமா இதுதான். பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, நாலு மாசமா ராத்திரி சோத்தைத் தொடறதில்ல. ரீல்ஸ் பாத்துப் பாத்துத்தான் இப்டி ஆயிட்டான்னு அவங்கப்பா போனைப் பிடுங்கி பீரோல வெச்சுப் பூட்டிட்டார். பாட்டி, வயசுக் கோளாறு, தானா சரியாயிரும்ங்கறாங்க. எட்டாவது படிக்கிற பையன் வேற ப்ரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். டிவி போனைப் பாத்து ஒரு பிள்ளை நிஜமாவே சாப்பாட்டை விடுமா, இல்ல நாமதான் பழிய அதுமேல போடறோமா?

நான் மதுரைப் பக்கம் பதினாறு வருஷமா டயட்டீஷியனா இருக்கேங்க. உங்க கேள்வியைப் படிச்சதும் பதில் பெருசாப் போகும்னு தெரிஞ்சிருச்சு, கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பாக்கறது உடம்பைப் பத்தின நினைப்பை மாத்துமா, சாப்பாட்டை மாத்துமான்னா, மாத்தும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரர் நெனைக்கற வழில இல்ல, அதனாலதான் பீரோப் பூட்டு மட்டும் போதாதுங்கறேன்.

ஃபிஜில நடந்ததைச் சொன்னா உங்களுக்குப் புரியும். நம்ம ஆளுங்க கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்களே அந்த ஃபிஜிதான், ஆனா இது அங்க போன இந்திய வம்சாவளிக் கதை இல்ல, அந்தத் தீவோட பூர்வீக மக்கள் கதை. அவங்க ஊர்ல வாட்டசாட்டமா இருக்கறதுதான் அழகு. வீட்டு வாசல்ல யாராவது நடந்து போனா கூட "மாய் கானா" ன்னு குரல் குடுப்பாங்க, வா சாப்பிடுன்னு அர்த்தம், நாம "வாங்க ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்" ங்கறோம்ல அதே மாதிரி. பசி எடுக்கலன்னா அதை ஒரு நோய்னே வெச்சிருந்தாங்க, அதுக்கு மதாக்கேன்னு பேரு, பச்சிலை மருந்து குடுத்து சரி பண்ணுவாங்க. ஒருத்தர் இளைச்சுட்டா அது அந்தாளோட கௌரவப் பிரச்சனை இல்ல, அவங்களைச் சுத்தி இருக்கற சொந்தபந்தம் சரியாக் கவனிக்கலன்னு அர்த்தம். கல்யாணமாகிப் போன பொண்ணு மெலிஞ்சு திரும்பி வந்தா "ஏண்டி, அங்க சோறு போடறாங்களா இல்லையா" ன்னு நம்ம பெரியம்மாங்க கேக்கறதில்லையா, அந்த நியாயம்தான்.

ஆன் பெக்கர்னு ஹார்வர்ட்ல ஒரு அம்மா, மானுடவியலும் படிச்சவங்க மனநல டாக்டரும் கூட, எண்பதுகள்லேருந்தே ஃபிஜிக்குப் போய் அந்த மக்களோட இருந்து வேலை பண்ணினவங்க. 1995ல அங்க நட்ரோங்காங்கற பகுதிக்கு டிவி ஒளிபரப்பு வந்துச்சு. ஒரே ஒரு சேனல், அதுல ஓடினது முக்காவாசி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து நிகழ்ச்சிங்க. டிவி வந்த சில வாரத்துல பெக்கர் ஸ்கூல் பொண்ணுங்க 63 பேர்கிட்ட, சராசரியா பதினேழு வயசு, சாப்பாட்டைப் பத்தின மனநிலை எப்டின்னு ஒரு கேள்வித்தாள் குடுத்துக் கேட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு 1998ல அதே ஸ்கூல்கள்ல அதே வயசுல 65 பொண்ணுங்ககிட்ட திரும்பக் கேட்டாங்க. கவலைப்படற அளவுக்கு மதிப்பெண் வந்தவங்க 12.7 சதவீதத்துலேருந்து 29.2 ஆயிருந்துச்சு. எடையைக் குறைக்க வாந்தி எடுத்தேன்னு 1995ல ஒருத்தர் கூடச் சொல்லல, 1998ல 11.3 சதவீதம் சொன்னாங்க. 74 சதவீதம் பேர் நான் குண்டா இருக்கேன்னு தோணுதுன்னாங்க. குண்டுங்கறது பாராட்டா இருந்த ஊர்லங்க இது.

இதுக்கு ஆட்சேபணை சொல்றவங்களும் உண்டு, அது நியாயமும் கூட. ரெண்டு தடவையும் வேற வேற பொண்ணுங்க, எண்ணிக்கை சின்னது, அந்த மூணு வருஷத்துல அங்க மாறினது டிவி மட்டுமா என்ன. பெக்கரே டிவிதான் ஒரே காரணம்னு அடிச்சுச் சொல்லல. ஆனா அவங்க கணக்கெடுத்ததோட நிக்காம பொண்ணுங்களை உக்கார வெச்சுப் பேசினாங்க, எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம்.

அந்தப் பொண்ணுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? டிவில வர்ற பொண்ணுங்க ஒல்லியா இருக்காங்க, அவங்களுக்கு வேலை இருக்கு, கைல காசு இருக்கு, நல்ல துணிமணி இருக்கு, தாங்களே முடிவெடுக்கறாங்க, நானும் அப்டி இருந்தா எனக்கும் ஒரு வேலை கெடைக்கும், அப்டீங்கற மாதிரி. கிராமத்துல அம்மாவும் பாட்டியும் வாழ்ந்த வாழ்க்கைலேருந்து வெளிய போற ஒரு வழி அதுல தெரிஞ்சுச்சு அவங்களுக்கு. உடம்புங்கறது அந்த பஸ்ல ஏற டிக்கெட் மாதிரி. இடுப்பு சின்னதாகணும்ங்கறது ஆசையே இல்லங்க, அந்த வாழ்க்கை வேணும்ங்கறதுதான் ஆசை, ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு போட்டுக் காட்டினது திரை. இதனாலதான் நாம வீட்ல "நீ அழகாத்தாண்டி இருக்கே" ன்னு நூறு தடவை சொன்னாலும் பிள்ளை காதுல ஏறமாட்டேங்குது. அவ கேட்டது அழகு இல்லையே.

இன்னொண்ணு. அதே குழு 2011ல 523 ஃபிஜிப் பொண்ணுங்களை வெச்சு இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்தப் பொண்ணு நேரடியா எவ்வளவு பாத்தாங்கறதை விட அவ கூடப் படிக்கிற, பழகற பிள்ளைங்க எவ்வளவு பாக்கறாங்கங்கறதுதான் சாப்பாட்டுக் கோளாறோட அதிகமா ஒட்டி வந்துச்சு. அதாவது வீட்ல டிவி இல்லாத பொண்ணுக்கும் க்ளாஸ் வழியா வந்து சேர்ந்துருது. உங்க பொண்ணோட போன் பீரோல இருக்கலாம், மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறக்கறப்ப பக்கத்துல உக்காந்திருக்கறவ "அய்யோ இவ்ளோ ரைஸா" ன்னு கேட்டா போதும், முடிஞ்சுது கதை. நாளைக்கு அந்த டப்பா பாதி நிறைஞ்சபடியே திரும்பி வரும்.

ஃபிஜி எங்கயோ இருக்குன்னு நெனைக்காதீங்க, நம்ம ஊர்லயும் இந்த அளவுகோல் மாறினதை என் வயசுக்காரங்க கண்ணால பாத்திருக்கோம். தொண்ணூறுகள்ல மதுரைலயும் சரி சென்னைலயும் சரி, மெத்து மெத்துன்னு உப்பி வந்த இட்லிக்குப் பேரே குஷ்பு இட்லிதானே, இன்னைக்கும் ஓட்டல் போர்டுல இருக்கு. நடிகை குஷ்புவுக்குத் திருச்சில ரசிகருங்க கோயிலே கட்டினாங்க. பூசினாப்ல இருக்கான்னா அது பொண்ணு பாக்க வந்தவங்க சொல்ற நல்ல வார்த்தை. அப்புறம் 2008 வாக்குல ஹிந்தி சினிமாப் பக்கத்துலேருந்து சைஸ் ஜீரோங்கற வார்த்தை வந்துச்சு, கொஞ்ச நாள்ல நம்ம வாரப் பத்திரிகைங்கள்லயும் அதே பேச்சு. நம்ம பிள்ளைங்களோட எலும்போ இடுப்போ ஒரு தலைமுறைல மாறல, எது நல்லதுன்னு நாம சொல்றது மாறிருச்சு. அதே நேரத்துல காமெடி டிராக்ல குண்டா இருக்கற ஆள் வந்தாலே சிரிக்கணும், அவங்க சாப்பிட்டா அதுக்கும் சிரிக்கணும்னு பழக்கியும் விட்டாங்க, வீட்டோட உக்காந்து நாமளும் சிரிச்சிருக்கோம், பக்கத்துல பத்து வயசுப் பிள்ளை உக்காந்து பாத்துட்டு இருந்துச்சுன்னு அப்ப யாருக்கும் ஒறைக்கல.

ஆனா சினிமாவுக்கும் ரீல்ஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நடிகையைப் பாக்கறப்ப அவ வேற உலகம்னு மனசுக்குத் தெரியும். ரீல்ஸ்ல வர்றது திண்டுக்கல்ல இருக்கற பொண்ணு, இவளை மாதிரியே பேசறா, இவளை மாதிரியே பாத்திரம் கழுவறா, ஆனா முகத்துல ஃபில்டர், வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நாப்பது தடவை எடுத்ததுல ஒண்ணு. இவ தன்னை ஒப்பிட்டுக்கறது தன்னோட சாதாரண செவ்வாக்கிழமையை அவளோட அந்த நாப்பதுல ஒண்ணோட. அப்புறம் ஒரு "நான் ஒரு நாள்ல என்ன சாப்பிடறேன்" வீடியோவை கடைசி வரைக்கும் பாத்துட்டா போச்சு, அடுத்து இருவது அதே மாதிரி வந்து நிக்கும். டிவிக்காவது ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல நிகழ்ச்சி முடியும், இதுக்கு முடிவே கெடையாது. இது நம்ம கற்பனை இல்ல. 2021ல ஃபேஸ்புக்ல வேலை பாத்த ஃபிரான்சஸ் ஹாகன்ங்கறவங்க கம்பெனியோட உள் ஆவணங்களை வெளிய கொண்டு வந்தாங்க, அதுல கம்பெனியோட சொந்த ஆய்வே இருந்துச்சு: தங்க உடம்பை நெனைச்சு ஏற்கெனவே வருத்தத்துல இருந்த டீன் ஏஜ் பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குச்சுன்னு சொல்லிருக்காங்க. அந்த 'ஏற்கெனவே வருத்தத்துல இருந்த' ங்கறதை மறக்காதீங்க, எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி பாதிக்கறதில்ல. வீட்ல, ஸ்கூல்ல, சொந்தத்துல யாரோ ஏற்கெனவே கீறின எடத்துலதான் அது போய் உக்காருது.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், எனக்கு நெருக்கமான விஷயம் இதுதான்.

சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணை அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க, ப்ளஸ் டூ. அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்திச் சொல்றேன். அவ ஒரு கோடு போட்ட நோட்டு வெச்சிருந்தா, மூணாவது தடவை வந்தப்பதான் பையிலேருந்து எடுத்துக் குடுத்தா. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். காலைல இட்லி ஒண்ணு, சட்னி இல்ல. மதியம் ரசம் சாதம் மூணு ஸ்பூன். ராத்திரி வெந்நீர். இப்டியே போகும், திடீர்னு ஒரு நாள் செகப்புப் பேனால "தோசை 3. கேவலம்." அடிக்கோடு ரெண்டு தடவை போட்ருந்தா, பேப்பர் கிழியற அளவுக்கு. நான் புரட்டிக்கிட்டே கடைசிப் பக்கத்துக்குப் போயிட்டேன், அங்க 'என்னைக்காவது' ன்னு தலைப்பு போட்டு ஒரு லிஸ்ட்: பன் பரோட்டா, கறி தோசை, ஜிகர்தண்டா, அம்மாச்சி வெக்கற கருவாட்டுக் கொழம்பு, இப்டி ரெண்டு பக்கத்துக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு வெறும் வயித்தோட படுத்துக்கிட்டு சமையல் வீடியோவும் பெரிய பெரிய தட்டுல சாப்பிடற வீடியோவும் பாத்துப் பாத்து எழுதினதாம். அவங்கம்மா அதைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க.

அந்த லிஸ்ட்டைப் பாத்ததும் எனக்கு மின்னசோட்டாதான் நெனப்பு வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1944 கடைசில ஆரம்பிச்சு, அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒருத்தர் 36 இளைஞர்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினார். போருக்குப் போக மனசாட்சி எடம் தராதவங்க, தாங்களா முன்வந்து சேர்ந்தவங்க. நல்ல உடல்நலம், நல்ல மனநலம்னு பாத்துப் பொறுக்கி எடுத்த ஆம்பளைங்க. ஒல்லியாகணும்னு ஒருத்தருக்கும் ஆசை கெடையாது. 24 வாரம் அவங்க சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாக் குறைச்சாங்க, எடைல கால்வாசி போச்சு. ஆனா ஆளுங்க மாறினது இருக்கே. நாள் முழுக்க சாப்பாட்டைப் பத்தியே பேச்சு, நெனப்பு. சில பேர் சமையல் புத்தகமா சேத்து வெச்சாங்க. கெடைச்ச கொஞ்சத்தை மணிக்கணக்கா ஊதி ஊதி, கலந்து கலந்து சாப்பிட்டாங்க, தட்டை நக்கினாங்க. எப்பப் பாத்தாலும் குளிருதுன்னாங்க. சிடுசிடுப்பு, தனிமை, எதுலயும் மனசு ஓடாது. தான் ரொம்ப மெலிஞ்சுட்டோம்னு தோணாம மத்தவங்கதான் குண்டா தெரியறாங்கன்னு சொன்னவங்களும் உண்டு. அப்புறம் சாப்பாடு கட்டுப்பாடு இல்லாமக் கெடைச்சப்ப வயிறு நெறைஞ்சும் நிறுத்த முடியாமத் தின்னாங்க.

யோசிச்சுப் பாருங்க, இவங்க யாரும் ஃபேஷன் பத்திரிகை பாத்துக் கெட்டுப் போனவங்க இல்ல. பட்டினி மட்டுமே இதைப் பண்ணிச்சு. அதனால நான் இதை ரெண்டு கட்டமாப் பாக்கறேன். முதல் அடியை எடுத்து வெக்க வைக்கறது திரையும் பேச்சும். அதுக்கப்புறம் வண்டியை ஓட்டறது பசி. குறைச்சு சாப்பிடற மூளை நாள் பூரா சாப்பாட்டையே நெனைக்கும், ஒரு நாள் அணை உடைஞ்சு மூணு தோசை போயிரும், மூணு தோசைங்கறது ஒரு பதினாறு வயசுப் பிள்ளைக்கு சாதாரண ராத்திரி சாப்பாடு, ஆனா அவளுக்கு அது குத்தம், மறுநாள் அதுக்கு தண்டனையா இன்னும் கொறைப்பா. தான் மனஉறுதி இல்லாதவன்னு அவளே நம்பிருவா. அந்த ப்ளஸ் டூ பொண்ணு நோட்டுல எழுதின 'கேவலம்' ங்கற ஒத்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கல. அவகிட்ட நான் மின்னசோட்டாக் கதையை முழுசா சொன்னேன், அந்த ஆம்பளைங்க சமையல் புத்தகம் சேத்ததைச் சொன்னதும் சட்டுன்னு நிமிந்து பாத்து "அவங்களுமா?" ன்னா.

பையனைப் பத்தி ஒரு வரிதான் எழுதிருந்தீங்க, லேசா விட்டுராதீங்க. பசங்களுக்கு இது சிக்ஸ் பேக் ரூபத்துல வருது. ஹாரிசன் போப்னு ஒரு மனநல டாக்டரும் கூட இருந்தவங்களும் 1999ல சின்னப் பசங்க வெளயாடற ஜிஐ ஜோ பொம்மையை அளந்து பாத்தாங்க. அஞ்சடி பத்து அங்குல ஆளா பெருக்கிப் பாத்தா 1964 பொம்மைக்கு புஜம் 12.2 அங்குலம், தொண்ணூறுகள்ல வந்த பொம்மைக்கு 26.8 அங்குலம். அசல் பாடிபில்டருங்ககிட்ட கூட அந்தக் கையைப் பாக்கறது அபூர்வம்ங்க. சட்டையைக் கழட்டற சீனுக்கு முன்னாடி தண்ணியைக் குறைச்சு, உப்பைக் குறைச்சு, ஷாட்டுக்கு முன்னாடி டம்பெல்ஸ் தூக்கி, வெளிச்சம் அமைச்சு எடுக்கறாங்கன்னு அவனுக்கு யார் சொன்னா? எட்டாவது பையனுக்கு பவுடர் வேண்டாம். முட்டை, பருப்பு, சுண்டல், பால், மீன், வீட்ல ஆக்கறதே போதும். ஜிம்ல யாராவது ஊசி, மாத்திரைன்னு பேசினா மட்டும் உடனே தலையிடுங்க.

பொண்ணு விஷயத்துல முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, அறிவுரை எல்லாம் அப்புறம். பீரியட்ஸ் மூணு மாசமா வரலன்னாலோ, தலை சுத்தி விழறா, கை கால் எப்பவும் ஜில்லுன்னு இருக்கு, முடி கொத்துக் கொத்தாப் போகுது, சாப்ட்டதும் பாத்ரூம் போய் கதவைச் சாத்திக்கறா, இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. ஆள் ஒல்லியாத் தெரியலையேன்னு அசால்ட்டா விடக்கூடாது, பாக்க சாதாரண எடைல இருந்துக்கிட்டே ரொம்ப மோசமான நிலைமைல இருக்கற பிள்ளைங்க உண்டு. ரொம்ப நாளா ரொம்பக் கம்மியா சாப்ட்டிருந்தா திடீர்னு நெறைய ஊட்டறதும் ஆபத்து, டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். எங்க போறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல லைன், தமிழ்லயே பேசலாம்.

போனைத் திருப்பிக் குடுத்துருங்க. பூட்டி வெச்சா அவ அதை ஃப்ரெண்டு போன்ல பாப்பா, உங்ககிட்ட சொல்றதை நிறுத்திருவா, நஷ்டம் நமக்குத்தான். பதிலா அவளே உக்காந்து, பாத்தா மனசு கெடற அக்கௌன்டையெல்லாம் அன்ஃபாலோ பண்ணட்டும், 'விருப்பமில்லை' ய அமுக்கட்டும், பக்கத்துல வேணா உக்காருங்க, கைல வாங்காதீங்க. ராத்திரி நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, டிவி ஆஃப். அவ தட்டைப் பாக்காதீங்க, எத்தனைன்னு எண்ணாதீங்க, வேற ஏதாவது பேசுங்க. கல்யாண வீட்ல "என்னடி வெயிட் போட்டுட்டே" ன்னு வர்ற அத்தைங்களை நீங்கதான் மறிக்கணும், அந்த எடத்துலயே. அதோட உங்களையும் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கண்ணாடி முன்னாடி புடவை கட்டறப்ப என்ன சொல்லிக்கறீங்க? "அய்யோ இந்த வயிறு" ன்னு தெனம் சொல்ற அம்மாவைப் பாத்து வளர்ற பிள்ளைக்கு ரீல்ஸே தேவையில்ல. நானும் சொல்லிட்டிருந்தவதான், எம்பொண்ணு ஆறு வயசுல அதே வார்த்தையை அதே மாதிரி வயித்தைப் புடிச்சுக்கிட்டு சொன்னப்பதான் நிறுத்தினேன்.

அப்புறம் ஒரு நாள், சாப்பாட்டுப் பேச்சே இல்லாதப்ப, அவ ரொம்ப விரும்பிப் பாக்கற பொண்ணு யாருன்னு கேளுங்க. அவகிட்ட உனக்கு என்ன புடிச்சிருக்குன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. அந்த நோட்டுப் பொண்ணுகிட்ட நான் இதைத்தான் கேட்டேன். இடுப்பு, முகம்னு சொல்வாள்னு பாத்தா, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "அவ தனியா ரூம் எடுத்து இருக்கா மேடம், அவளே ஸ்கூட்டி ஓட்டிட்டுப் போறா, யாரையும் கேக்கறதில்ல" ன்னா. விசாரிச்சா அவளுக்கு வெளியூர்ல காலேஜ் படிக்கணும், வீட்ல விடமாட்டேன்ட்டாங்க. இதுக்கும் சாதத்துக்கும் என்ன சம்பந்தம்னு அவங்கப்பா அன்னைக்குக் கோவப்பட்டாரு. டாக்டர், கவுன்சலிங், நான், எல்லாம் சேந்து அவ தேறி வர ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை திரும்ப விழுந்தா. காலேஜ் பேச்சு வீட்ல முடிவானது நடுவுல எங்கயோ.

இப்ப திருச்சில ஹாஸ்டல்ல இருக்கா. போன மாசம் அவங்கம்மா பேசினாங்க. ஹாஸ்டல் சாம்பார் தண்ணியா இருக்கு, பொரியல் பத்தலன்னு தெனம் போன்ல சண்டை போடறாளாம், ஊருக்கு வர்றப்ப கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கணும்னு அம்மாச்சிக்கு உத்தரவு வேற.